பட்டறைத் தரைக்கு எபாக்சியும் குவார்ட்ஸும்: தட்டிப் பார்ப்பதிலிருந்து வண்டி ஏற்றுவது வரை

மதுரை ஒத்தக்கடைக்கு அருகே மேலூர் சாலையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். தரை போட்ட கொத்தனார் கடைசியில் சிமெண்ட் பாலை ஊற்றி, கரணையால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றிவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கிறது பாருங்கள் அண்ணே" என்றார். எனக்கும் பெருமைதான். அந்தப் பளபளப்பின் மேலேயே ஓர் ஒப்பந்தக்காரர் எபாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பிசின் பூச்சு, அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான்காவது மாதம், வெயிலில் ஓடி வந்து நின்ற ஒரு காரைப் பின்னால் எடுத்தபோது, நான்கு டயருக்கடியிலும் தோசை அளவுக்குப் பூச்சு உரிந்து டயரோடு வந்தது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பால் ஒட்டியிருந்தது. எபாக்சி பிடியை விடவே இல்லை. அது பற்றியிருந்த தோல்தான் தரையை விட்டுக் கழன்றுவிட்டது.

இரண்டாவது முறை நானும் பட்டறைப் பையன்கள் இருவரும் சேர்ந்து 20க்கு 20 அடி, அதாவது 400 சதுர அடி இடத்துக்குக் குவார்ட்ஸ் மணல் தூவிய எபாக்சி தரை போட்டோம். இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்த வேலையில் கற்றது. படித்து முடிக்கும்போது, பூச்சைப் பற்றிச் சொன்னதைவிட பூச்சுக்கு முந்தைய வேலையைப் பற்றியே அதிகம் சொல்லியிருப்பதாகத் தோன்றும். செலவான நாட்களின் கணக்கும் அப்படித்தான் இருந்தது.

எந்தப் பூச்சு, யாருக்கு

கடையில் எபாக்சி என்று கேட்டால் வேறு வேறு சரக்கை ஒரே பெயரில் எடுத்து வைப்பார்கள். முதலாவது, தண்ணீர் கலந்த மெல்லிய எபாக்சி பெயிண்ட். இரண்டு கை அடித்தாலும் காய்ந்த பிறகு 0.1 மி.மீ. அளவில்தான் நிற்கும். கார் நிறுத்தும் இடத்துக்கு இதை வாங்காதீர்கள். சூடான டயர் ஆறும்போது சுருங்கிப் பூச்சை இழுக்கும். ரப்பரை இளக்கமாக வைக்கும் எண்ணெய்ப் பொருளும் கசிந்து மெல்லிய பூச்சைக் குழைத்துவிடும். அடுத்தது, ஆவியாகிப் போகும் கரைப்பானோ தண்ணீரோ இல்லாத எபாக்சி. தகர டப்பாவில் '100 சதவீதம் திடப்பொருள்' என்று போட்டிருப்பார்கள். ஊற்றிய கனம் அப்படியே நிற்கும். இதே எபாக்சியின் மேல் குவார்ட்ஸ் மணலை இரண்டு முறை தூவி, 2 முதல் 4 மி.மீ. கனத்துக்கு எழுப்பினால் அதுதான் குவார்ட்ஸ் தரை.

வீட்டில் ஒரு கார் நிற்கிற ஷெட்டுக்குக் குவார்ட்ஸ் வீண் செலவு என்பது என் கருத்து. தரையை ஒழுங்காக உரசிவிட்டு, இரண்டாவது வகையை அரை மி.மீ. கனத்துக்குப் போட்டால் போதும். ஜாக்கி உருளுகிற, ஸ்பானர் விழுகிற, தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுகிற பட்டறைக்குக் குவார்ட்ஸ்தான். எண்ணெயும் தண்ணீரும் கலந்து கிடக்கும் தரையில் கால் வழுக்காமல் நிற்பதற்காகவே இந்தச் செலவு தகும்.

தரைக்குக் கீழே என்ன இருக்கிறது

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது ஒரே பாளமாக வார்த்த கான்கிரீட். நம் ஊர்ப் பழைய ஷெட்டுகளில் பெரும்பாலும் அப்படி இருக்காது. கிராவல் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து, சிமெண்ட், மணல், ஜல்லியை 1:4:8 விகிதத்தில் கலந்து போட்டு, அதற்கு மேல் முக்கால் அங்குலச் சிமெண்ட் பூச்சு இருக்கும். ஜல்லிக்கும் மேல்பூச்சுக்கும் இடையில் பிடிப்பு இல்லாத இடங்கள் ஏராளம். எபாக்சி இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அந்த இழுப்பிலும் வண்டிப் பாரத்திலும் மேல்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அதன்மேல் எத்தனை உயர்ந்த சரக்கை ஊற்றினாலும் இதுதான் கதி.

ஆகவே முதல் வேலை தட்டிப் பார்ப்பது. ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு அடிக்கு அடி தட்டுங்கள். கெட்டியான இடம் 'டங்' என்று சொல்லும். பிடிப்பு விட்ட இடம் பொக்கென்று ஒலிக்கும். பொக்கான இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவற்றை மட்டும் வெட்டி எடுத்து நிரப்பலாம். தரையில் கால்வாசிக்கு மேல் வட்டமாகிவிட்டால், மேல்பூச்சு முழுவதையும் பெயர்த்துவிட்டு, கனமான பாலித்தீன் விரிப்பின் மேல் 4 அங்குலத்துக்கு எம்25 தரக் கான்கிரீட் போடுவதே மேல். புதுக் கான்கிரீட்டுக்கு நீராற்றி 28 நாள் கழியாமல் எபாக்சியைத் தொடக்கூடாது.

தட்டியது தேறினால், ஓர் ஆணியால் அழுத்திக் கீறுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் நல்லது. பள்ளம் விழுந்து மாவு உதிர்ந்தால் அது பலவீனமான தோல், உரசி எடுத்தாக வேண்டும். பெரிய தொழிற்கூடங்களில் கருவி வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். சதுர மி.மீ.க்கு 1.5 நியூட்டன் இழுப்பையாவது மேற்பரப்பு தாங்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. சிறு பட்டறைக்கு ஆணி போதும்.

கழுவுகிற இடத்தில் வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதையும் இப்போதே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குவார்ட்ஸ் பூச்சு தரையின் மேடு பள்ளத்தை அப்படியே பின்பற்றும். தண்ணீர் தேங்கும் குழி, பூச்சுக்குப் பிறகும் தேங்கும் குழிதான்.

கீழிருந்து வரும் ஈரம்

பழைய தரைகளுக்கு அடியில் பாலித்தீன் கிடையாது. மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறி, காற்றில் போய்க்கொண்டே இருக்கிறது. தரை காய்ந்ததாகத் தெரிவது அதனால்தான். மேலே எபாக்சியால் மூடிவிட்டால் போக வழியின்றி ஈரம் பூச்சைத் தள்ளும். சுவரடியில் உப்புப் பூக்கிற ஷெட்டாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சோதனை எளிது. ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான பாலித்தீன் தாளை வெறும் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். இரண்டு மூன்று இடங்களில் செய்யுங்கள், ஒன்றாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். கண்மாய்க் கரையோரம் பட்டறை வைத்திருப்பவர்கள், கண்மாய் நிரம்பி நிற்கும் கார்த்திகையில் ஒருமுறை சோதித்து வைத்துக்கொள்வது நல்லது. சித்திரையில் செய்தால் அதே தரை யோக்கியனாக நடிக்கும்.

லேசான ஈரத்துக்கு ஈரம் தாங்கும் எபாக்சி பிரைமர், அதாவது முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, இருக்கிறது. துளி துளியாக நின்றால் பிரைமரை நம்பாதீர்கள். வெளியே மழைநீர் எங்கே தேங்குகிறது, செப்டிக் தொட்டி கசிகிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

எந்த மாதத்தில்

மதுரைக்கு மாசியும் பங்குனி முற்பாதியும் தோதானவை. ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டாம். சித்திரை, வைகாசியில் செய்யலாம், ஆனால் வெப்பத்தில் கலவை சீக்கிரம் இறுகிவிடும், கைக்குள் நிற்காது.

மழைக்காலத்தை ஏன் ஒதுக்குகிறேன் என்றால், எபாக்சி இறுகும்போது மேலே பனி படிந்தால் மெழுகு போன்ற ஒரு பிசுக்கு உண்டாகும். அடுத்த பூச்சு அதன் மேல் ஒட்டாது. தரையின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனி படிவது ஏறக்குறைய 24 டிகிரியில். தரை 27க்கு மேல் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஈரப்பதம் 90 ஆனால் அந்த எல்லை 26 டிகிரிக்கு ஏறிவிடும். அன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஈரப்பதமானி விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

எண்ணெய், பிறகு உரசல்

இந்த வரிசை மாறக்கூடாது. எண்ணெய் ஊறிய தரையை முதலில் உரசினால் எண்ணெய் நல்ல இடத்துக்கும் பரவும்.

தரையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது. வாஷிங் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, முரட்டுப் பிரஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரைப் பரவவிடாமல் அள்ளி எடுங்கள். எனக்கு மூன்று தடவை வேண்டியிருந்தது. என்ஜின் ஆயில் மாற்றுகிற குழிக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று தடவைக்கும் மசியவில்லை. அந்த இரண்டடி இடத்தை ஓர் அங்குலம் ஆழத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு எபாக்சி கலவையால் நிரப்பினேன். வருடக்கணக்கில் ஊறிய எண்ணெய்க்கு அதுதான் மருந்து.

உரசலுக்கு ஆசிட் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. கழிவறைக்கு வாங்கும் அதே ஆசிட்தான். நான் ஊற்ற மாட்டேன். எண்ணெய் இருக்கும் இடத்தில் அது வேலை செய்யாது, தரையை நனைத்துவிடும், மிச்சத்தை முழுக்கக் கழுவி எடுப்பதும் பெரும்பாடு. டைமண்ட் கப் வீல் (வைரத் துகள் பதித்த கிண்ண வடிவச் சக்கரம்) மாட்டிய கிரைண்டரே போதுமானது. பெரிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் தரை உரசும் இயந்திரத்தை நாள் வாடகைக்கு எடுக்கலாம். சிமெண்ட் பால் முழுவதும் போய், மணல் துகள் கண்ணுக்குத் தெரிந்து, கையால் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருக்க வேண்டும். கொத்தனாரின் கண்ணாடியை நான் உடைத்த நாள் அது. 400 சதுர அடிக்கு இரண்டு முழு நாள் ஆனது.

தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். கான்கிரீட் தூளில் இருப்பது சிலிக்கா. நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. கிரைண்டருக்கு மூடியும் தூசி உறிஞ்சியும் கட்டாயம். என்95 முகக்கவசம் வேண்டும், துண்டு கட்டிக்கொள்வது கணக்கில் சேராது.

உரசிய பின் மறுபடியும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தரை குடித்துவிட்டால் தயார். கடைசிச் சுத்தம் தூசி உறிஞ்சியால்தான். உப்புத் தண்ணீர் வருகிற ஆழ்துளைக் கிணறு என்றால் அதைக் கொண்டு கழுவவே வேண்டாம்.

விரிசல்களில் இரண்டு சாதி. அசையாத மயிரிழை விரிசலை கிரைண்டரால் ஆங்கில 'வி' வடிவில் விரித்து, எபாக்சியும் குவார்ட்ஸும் குழைத்து அடைத்துச் சமப்படுத்தலாம். கான்கிரீட்டில் வேண்டுமென்றே விட்ட இணைப்புக்கோடுகளை அப்படி அடைக்காதீர்கள். பூச்சு முடிந்த பின் அதே கோட்டின் மேல் வெட்டி, இளகும் தன்மையுள்ள பாலியூரித்தேன் அடைப்பானை ஊற்றுங்கள். இல்லாவிட்டால் தரை தானே தனக்குப் பிடித்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளும்.

ஷட்டர் வாசலில் இன்னொரு வேலை இருக்கிறது. பூச்சு முடிகிற விளிம்பில் வண்டிச் சக்கரம் ஏறி ஏறி அதைப் பெயர்க்கும். அந்த விளிம்பு நெடுக கால் அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, பூச்சு அதற்குள் இறங்கி வேர்போல் பிடிக்கும்படி விடுங்கள்.

எவ்வளவு வாங்குவது

ஒரு லிட்டர் ஒரு சதுர மீட்டரில் பரவினால் கனம் 1 மி.மீ. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். பிரைமர் 10 கிலோ வரை. முதல் பூச்சு 0.4 மி.மீ. என்றால் 15 லிட்டர். இரண்டாவது அரை மி.மீ., 19 லிட்டர். மேல்பூச்சு, மணலின் பள்ளங்களை நிரப்ப வேண்டியிருப்பதால், 12 முதல் 15 லிட்டர். குவார்ட்ஸ் 25 கிலோ மூட்டையில் எட்டு. ஒட்டாத மணலைக் கூட்டி எடுத்துச் சலித்து மறுபடி தூவலாம் என்பதால் கொஞ்சம் மிஞ்சும். எபாக்சியைக் கிலோவில் விற்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோ என்பது டப்பாவில் இருக்கும், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மணல் 0.3 முதல் 0.8 மி.மீ. வரை, சலித்து உலர்த்தி மூட்டை கட்டியதாக இருக்க வேண்டும். அரிசிக் குருணையைவிடச் சற்றுப் பொடி. ஆற்று மணலில் ஈரமும் களியும் இருக்கும். எம் சாண்டில் மாவு இருக்கும். மலிவு என்று இரண்டையும் நாடாதீர்கள்.

கலப்பது

ரெசினும் (பிசின்) ஹார்டனரும் (அதை இறுகவைக்கும் திரவம்) சேர்ந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 25 டிகிரியில் 40 நிமிடம் தாங்கும் கலவை, 35 டிகிரியில் அதில் பாதிதான் தாங்கும். வாளியில் மொத்தமாகக் கிடந்தால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகையும். ஒரு பையன் போன் பேசப் போய் வருவதற்குள் எங்களுக்கு ஒரு வாளி கல்லானது. கலந்ததும் தரையில் நீளவாக்கில் ஊற்றிவிடுங்கள். பரந்து கிடந்தால் சூடு தணிந்து நேரம் கிடைக்கும்.

விகிதத்தை டப்பாவில் சொன்னபடி தராசில் நிறுத்துப் போடுங்கள், கண்மதிப்பு வேண்டாம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் எந்தக் காலத்திலும் இறுகாத பிசின்தான் கிடைக்கும். மெதுவாகச் சுற்றும் டிரில்லில் துடுப்பை மாட்டி மூன்று நிமிடம் கலக்கி, ஓரத்தை வழித்துவிட்டு, வேறு வாளிக்கு மாற்றி மறுபடி கொஞ்சம் கலக்குங்கள். முதல் வாளியின் மூலையில் கலக்காமல் நின்ற ரெசின் தரையில் ஒட்டும் திட்டாக நின்றுவிடும் என்பதால் இந்த மாற்றல்.

நைட்ரைல் கையுறை கட்டாயம். ஹார்டனர் தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க எபாக்சி பக்கம் போக முடியாது. பட்ட இடத்தைத் தின்னரால் துடைக்காதீர்கள், அது ஹார்டனரைத் தோலுக்குள் இறக்கும். சோப்பும் தண்ணீரும் போதும்.

பிரைமர், தூவல், மேல்பூச்சு

வேலையை மாலை 4 மணிக்கு மேல் தொடங்குங்கள். காலையில் தரை சூடேறும்போது துளைகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சின் வழியே குமிழி குமிழியாக வெளிவரும். மாலையில் தரை ஆறும்போது காற்று சுருங்கி, பிரைமரை உள்ளே இழுக்கும்.

பிரைமரை ரப்பர் வைப்பரால் பரப்பி ரோலரால் தேயுங்கள். சில இடங்கள் குடித்துவிட்டு மங்கலாகும். அங்கே மறு கை. அடுத்த பூச்சை 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். தவறினால் உப்புத்தாளால் முழுவதும் உரசி, தூசி எடுத்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

மறுநாள் முதல் பூச்சு. பற்கள் வைத்த வைப்பரால் கனம் பார்த்துப் பரப்பி, ரோலரால் சமப்படுத்துங்கள். உள்ளே நடக்க ஆணிச் செருப்பு வேண்டும். கருப்பசாமிக்கு நேர்ந்துவிடும் ஆணிச் செருப்பில் ஆணி மேல்நோக்கி இருக்கும், இதில் கீழ்நோக்கி. பையன்கள் இதை வைத்து இரண்டு நாள் சிரித்தார்கள்.

பரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மணலைத் தூவத் தொடங்குங்கள். நாற்றங்காலில் நெல் விதைக்கிற கைதான் இதற்கும் வேண்டும். மேல்நோக்கி வீசி, மழைபோல் நேராக விழவிட வேண்டும். தாழ்வாகப் பக்கவாட்டில் எறிந்தால் எபாக்சியை ஒதுக்கி அலை அலையாக நிறுத்திவிடும். முதலில் லேசாக ஒரு சுற்று, பிறகு தாராளமாக. ஈரம் மின்னுகிற இடம் ஒன்றுகூட இல்லாமல், தரை முழுவதும் காய்ந்த மணல்மேடாகத் தெரியும் வரை தூவுங்கள். அடுத்த வாளிக் கலவை வந்து சேரும் விளிம்பில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மணல் படாமல் விடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சேர்ப்பு தழும்பாகத் தெரியும்.

மறுநாள் ஒட்டாத மணலைத் துடைப்பத்தால் கூட்டி, துருத்தி நிற்பதைத் தட்டைக் கரணையால் சுரண்டி, தூசி உறிஞ்சுங்கள். அதே முறையில் இரண்டாவது பூச்சு, இரண்டாவது தூவல். இதைத் தவிர்த்து ஒரே தூவலில் முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஒரே தூவலில் எங்கே மணல் குறைந்ததோ அங்கேதான் முதலில் தேயும்.

மேல்பூச்சை ரப்பர் வைப்பரால் இறுக்கி இழுத்து, ரோலரால் குறுக்கே ஓட்டுங்கள். எத்தனை பூச்சு என்பது உங்கள் கையில். ஒன்று போட்டால் சொரசொரப்பு நிற்கும், கழுவுமிடத்துக்கு அதுவே சரி. இரண்டு போட்டால் கூட்ட எளிது, ஆனால் வழுக்கல் கூடும். நான் ஜாக்கி ஓடுமிடத்தில் இரண்டும் கழுவுமிடத்தில் ஒன்றும் போட்டேன்.

ஷட்டரைத் திறந்தால் வெயில் விழும் இடத்தில் எபாக்சி மஞ்சளாகி, நாளடைவில் மாவு பூக்கும். அந்தப் பகுதிக்காவது வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் மேல்பூச்சு கொடுங்கள்.

வண்டி ஏற்றுவதும் அதன் பிறகும்

24 மணி நேரத்தில் நடக்கலாம். மூன்றாம் நாள் கருவிப் பெட்டிகளை வைக்கலாம். கார் ஏற்ற ஏழு நாள் பொறுங்கள். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருப்பார்கள், அந்த ஒரு வாரம் வெளியூர் போய்விடுவதுகூட ஒரு வழிதான்.

ஆயிலும் டீசலும் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பிரேக் ஆயில் அப்படி அல்ல, பூச்சை இளக்கிவிடும். சிந்திய உடனே துடைத்துக் கழுவுங்கள். பேட்டரி ஆசிட்டும் அப்படியே. ஜாக்கி ஸ்டாண்டின் காலுக்கடியில் ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு வைப்பதைப் பையன்களுக்குப் பழக்குங்கள். கழுவ சோப்புத்தூளும் முரட்டுத் துடைப்பமும் போதும்.

எங்காவது பெயர்ந்தால் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, உரசி, பிரைமர் தொட்டு, எபாக்சி ஊற்றி, மணல் தூவி மூடலாம். அரைநாள் வேலை. அதற்காக அதே மூட்டை மணலில் இரண்டு கிலோவை டப்பாவில் போட்டு, நிறத்தின் எண்ணை மூடியில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை வாங்கும் மூட்டையில் நிறம் ஒரு மாற்று வித்தியாசப்படும்.